ரோடோடெண்ட்ரான் அலமாரியும் பக்கத்து மேஜை ரெஜினாவும்

செடியை வெட்டி, பழைய செய்தித்தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் காயவைத்து, தடித்த தாளில் ஒட்டி, பிறகு அதற்கு என்ன பெயர் என்று ஆயுள் முழுக்கச் சண்டை போடுவதுதான் எங்கள் தொழில். சண்டை என்று சொன்னால் சம்பளம் தரமாட்டார்கள் என்பதால் வகைப்பாட்டியல் என்று சொல்லிக்கொள்கிறோம். காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கி வைத்திருக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். புதுச்சேரியில், கடற்கரைக்கு நடந்து போகிற தூரத்தில், அப்படி ஓர் இடத்தில் எனக்கு வேலை. அந்துருண்டை வாசனை என் புடவையை விட்டுப் போவதேயில்லை.

என் பொறுப்பில் இருப்பது ரோடோடெண்ட்ரான். ஊட்டிப் பக்கம் போனவர்கள் சிவப்பாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும் காட்டுப்பூவரசைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் கூட்டம்தான். என் அலமாரியில் இருப்பவை அதற்குத் தூரத்து உறவு. நியூகினி, போர்னியோ மலைகளில் மேகத்துக்குள் வளரும் வெப்பமண்டல ரகங்கள். எப்போதோ வெளிநாட்டு ஹெர்பேரியங்களோடு கொடுத்து வாங்கியதில் கட்டுக் கட்டாக வந்து சேர்ந்தவை. இலை பழுப்பு, காம்பு பழுப்பு, பூவும் பழுப்பு. இவற்றில் ஒன்றையாவது உயிரோடு, அதன் நிறத்தோடு, ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

பக்கத்து மேஜைக்காரரைப் பார்த்து வயிறு எரிந்த அனுபவம் உள்ளவர்கள் மேற்கொண்டு படிக்கலாம். எனக்கு அப்படியெல்லாம் எரிந்ததே இல்லை என்று சொல்லுகிறவர்கள்தான் அந்தப் பக்கத்து மேஜை.

மேலே ஒட்டும் சீட்டு

ரெஜினா எனக்கு ரொம்பப் பிறகு வேலைக்கு வந்தவள். என்னைவிட இளையவள், அக்கா என்றுதான் கூப்பிடுவாள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம்; அவள் சொல்தா வீட்டுப் பெண். டீ கொண்டுவருகிற அம்மாளுக்குக்கூட மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொல்லுவாள். அந்த அம்மாள் ரெஜினாவின் டீயில் மட்டும் இஞ்சி தட்டிப் போடுவதை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஷீட்டை, அதாவது செடி ஒட்டிய தாளை, பார்த்து இது இன்ன செடி என்று முடிவு செய்தால், செடியின் பெயரையும் நம் பெயரையும் எழுதி, சின்னச் சீட்டாக அந்த ஷீட்டிலேயே ஒட்ட வேண்டும். பின்னால் இன்னொருவர் வந்து, இல்லை, இது வேறு செடி என்று முடிவு செய்தால், பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. அதற்கு மேலே இடம் பார்த்துத் தன் சீட்டை ஒட்டிவிட்டுப் போக வேண்டும். மற்ற ஆபீஸ்களில் தப்பு செய்தால் திட்டு வாங்கிக்கொண்டு மறந்துவிடலாம். இங்கே தப்பு செய்தது யார், திருத்தியது யார் என்பது நாம் போன பிறகும் பசை போட்டு ஒட்டியபடி இருக்கும்.

ரெஜினா முதலில் காப்பிச் செடிக் குடும்பத்தைப் பிரித்தாள். பிறகு துளசிக் குடும்பம். எங்கெங்கே என் சீட்டு இருந்ததோ அங்கெல்லாம் மேலே அவள் சீட்டு ஏறியது. அவள் சொன்னது தப்பாக இருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சரியாக இருந்தது. கடைசியில் என் சீட்டு மேலே இருக்கும் அலமாரி என்று ரோடோடெண்ட்ரான் அலமாரி ஒன்றுதான் மிஞ்சியது. துளசிக் குடும்பத்தின் கடைசி ஷீட்டில் அவள் பசை தடவிக்கொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் நின்றேன். பார்வையிலேயே புரிந்துகொண்டாள் போலிருக்கிறது.

"மறைக்கலக்கா, உங்க பேரு நல்லாத் தெரியற மாதிரி எடம் விட்டுத்தான் ஒட்டறேன்."

கருவடிக்குப்பத்துக்காரர்

ஒரு மே மாத மத்தியானம், கருவடிக்குப்பத்திலிருந்து ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி ஒருவர் ஆட்டோவில் ஒரு பூந்தொட்டியோடு வந்து இறங்கினார். ஆன்லைனில் ரோடோடெண்ட்ரான் கன்று வாங்கியிருக்கிறார். இலையெல்லாம் ஓரத்தில் கருகிக்கொண்டே வருகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டார். உயிருள்ள செடியை ஹெர்பேரியத்துக்குள் விடமாட்டோம். பூச்சி வந்து காய்ந்த செடிகளையெல்லாம் தின்றுவிடும். அதனால் செடி ஆராய்ச்சி நடக்கிற இடத்தில் செடியோடு வந்தவரை வாசலிலேயே நிறுத்தி வைத்தோம்.

ரோடோடெண்ட்ரான் என்றதும் எனக்கு ஒரே சந்தோஷம். நம் பாடமல்லவா! லென்ஸை எடுத்துக்கொண்டு ஓடினேன். இலையைத் திருப்பிப் பார்த்து, அடியில் செதில் இல்லை, ஆகவே இது செதில் இல்லாத பெரும்பிரிவு, அதிலும் தோட்டக்காரர்கள் கலந்து உண்டாக்கிய ரகம், புளிப்பு மண், குளிர்ந்த இரவு, மூடுபனி எல்லாம் வேண்டும், எங்கள் ஊர் வெயிலில் பிழைக்காது என்று ஆதியோடந்தமாக எடுத்துச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனது. அதற்குள் ரெஜினா வந்து தொட்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அய்யோ பாவம், எப்படி வாடிப் போச்சு" என்று இலையைத் தடவிக் கொடுத்தாள். நிழலில் வையுங்கள், காலையில் வேரோரத்தில் ரெண்டு ஐஸ் கட்டி போட்டுப் பாருங்கள் என்றாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத வைத்தியம். மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. போகும்போது என்னிடம் திரும்பினார்.

"நீங்க காஞ்சுபோன செடிக்கு டாக்டரு போல இருக்குதும்மா, உசுரோட இருக்கறதுக்கு நான் இவங்களையே வந்து பாத்துக்கறேன்."

பிரெஞ்சுக் கையெழுத்து

என் அலமாரியில் ஒரு கட்டு இருக்கிறது. நியூகினி மலையில் யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் சேகரித்த ஒரே ரகச் செடி, பல ஷீட்டுகள். அவருடைய கையெழுத்து ஈரச் சுவரில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும். அதைப் படிப்பதற்காகவே நான் சாயங்கால பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தேன். ரெஜினாவுக்குத் தெரியாமல்தான் சேர்ந்தேன். அவளுக்குப் பிறவியிலேயே கிடைத்ததை நான் பஸ் பிடித்துப் போய்ப் படிக்க வேண்டியிருந்தது. அங்கே போனால், முன் பெஞ்சில் அவளுடைய சித்தி பையன் உட்கார்ந்திருந்தான். எப்படியோ, சில மாதங்களில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது.

ஒரு நாள் லேபிளில் பூ என்ற சொல்லையும் நிறம் என்ற சொல்லையும் கண்டுபிடித்தேன். அடுத்த சொல் ஆரஞ்சு என்றே எனக்குப் பட்டது. இத்தனை காலமாகப் பழுப்பாகவே பார்த்த பூவுக்கு ஆரஞ்சு நிறம்! மேஜையில் தாளம் போட்டேன் என்று நினைக்கிறேன். ரெஜினா எழுந்து வந்து என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். ஒரு நொடி கூட ஆகவில்லை.

"கஷ்டப்பட்டுப் படிச்சிட்டீங்களேக்கா, ஆனா அதுல 'பூவின் நிறம்: பார்க்கவில்லை'ன்னுதான் எழுதியிருக்காரு, அவருக்கும் குடுத்து வைக்கல."

மேடா, சுருக்கமா?

அந்தக் கட்டில்தான் எங்கள் பெரிய சண்டை நடந்தது. வெப்பமண்டல ரோடோடெண்ட்ரானின் இலையைத் திருப்பினால் அடியில் துரு மாதிரி பொடி தெரியும். லென்ஸில் பார்த்தால் அது பொடி இல்லை, செதில். ஒவ்வொன்றும் ஒரு வடிவம். இந்தச் செதிலை வைத்துத்தான் இந்தக் கூட்டத்தையே பிரிவு பிரிவாகப் பிரிக்கிறோம். செதில் உதிர்ந்த இடத்தில் குட்டியாக ஒரு மேடு இருந்தால் ஒரு பிரிவு. தட்டையாக இருந்தால் வேறு பிரிவு. நான் மேடு என்று சொல்லி, மேட்டுப் பிரிவில் வைத்து, அந்தக் கட்டு முழுவதிலும் சீட்டு ஒட்டியிருந்தேன். துளசியை முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு வந்த ரெஜினா, லென்ஸில் பார்த்துவிட்டு, "இது மேடு இல்லக்கா, காயும்போது இலை சுருங்கினதால வந்த சுருக்கம்" என்றாள். ஒரு ஷீட்டில் அவள் ஜெயித்தால் கட்டு முழுவதும் போகும். கட்டு போனால் என் சீட்டு மேலே இருக்கும் கடைசி அலமாரியும் போகும். டிபன் பாக்ஸைத் திறந்தால் மேடு, மூடினால் சுருக்கம் என்று நாளெல்லாம் இதே பேச்சு.

முதலியார்பேட்டையில் எங்கள் வீடு. என் வீட்டுக்காரர் பஸ் மெக்கானிக். அன்றைக்குத் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று அதைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு, ஒரு மேட்டைச் சுருக்கம் என்று சொல்ல எப்படி ஒருத்திக்கு மனசு வருகிறது என்று ஆரம்பித்தேன். பொறுமையாகத்தான் கேட்டார். நடுவில் ஸ்பானர் எடுத்துக் கொடுக்கச் சொன்னதை நான் கவனிக்கவில்லை.

"ஒரு எலைக்கு அடியில மேடு இருந்தா இன்னா, பள்ளம் இருந்தா இன்னா, மோட்டாரு ஓடலன்னா நாளைக்குக் குளிக்காமத்தான் போவணும், அந்த ரெஜினா பொண்ணு குளிச்சிட்டு வரும்."

கண்ணாடி வீடு

ஐரோப்பாவில் ஒரு தோட்டம். பனி கொட்டுகிற ஊரில் பெரிய கண்ணாடி வீடு கட்டி, உள்ளே வெப்பமண்டல ரோடோடெண்ட்ரான்களை வளர்க்கிறார்கள். வெப்பமண்டலத்தில் உட்கார்ந்திருக்கிற நமக்கு அதைப் பார்க்கக் குளிர் தேசத்துக்குப் போக வேண்டும் என்று விதி. எங்கள் தலைமை விஞ்ஞானி இந்தக் கூட்டத்தின் வகைப்பாட்டைப் புத்தகமாகத் தயாரித்துக்கொண்டிருந்தார். மேடா சுருக்கமா என்று தீர்ந்தால்தான் அந்த அத்தியாயம் முடியும். அந்தத் தோட்டத்தில் அதே மலையிலிருந்து வந்த அதே செடி உயிரோடு இருக்கிறதாம், ஒருவர் வந்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று அழைப்பு வந்தது. ஒரே ஒருவர்.

நான்தான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. அலமாரி என்னுடையது, சீட்டு என்னுடையது, ஆசையும் என்னுடையது. நேரு வீதியில் போய் ஸ்வெட்டர் கேட்டேன். இந்த வெயிலில் யாருக்கு என்பது போலக் கடைக்காரர் பார்த்தார். அது எனக்குப் பெருமையாகவே இருந்தது. வாங்கிக்கொண்டு வந்து, மறுநாள் தலைமை விஞ்ஞானி சார் அறையில் போய் நின்றேன். தோட்டத்தில் செடி இப்போது பூத்திருக்கிறது, புத்தகத்துக்குப் பூவின் விவரமும் வேண்டும், அது கொட்டுவதற்குள் போயாக வேண்டும், விசாவுக்கெல்லாம் காத்திருக்க முடியாது என்றார். எனக்கு விசா வேண்டும். ரெஜினாவுக்கு வேண்டாம், அவள் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி. பெண்கள் கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு நான் அழுதேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன், சொல்ல எனக்கு வெட்கமில்லை. சார் நல்ல மனிதர், என்னைச் சமாதானப்படுத்தத்தான் பார்த்தார்.

"நீங்க வருத்தப்படாதீங்கம்மா, ஒங்க மேட்டை ரெஜினா நல்லாப் பாத்துட்டு வந்து இருக்குதா இல்லையான்னு சொல்லிடும்."

நீலக் குறி

போன மறுநாளே வாட்ஸாப்பில் படம் அனுப்ப ஆரம்பித்தாள். நான் படம் பார்த்தது அவளுக்குத் தெரியக் கூடாது. அதனால் நீலக் குறி விழாதபடி போனில் மாற்றி வைத்துவிட்டுத்தான் திறந்தேன். பூ ஆரஞ்சு இல்லை. பழுத்த மாம்பழச் சதையின் மஞ்சள், தொண்டையில் மட்டும் செம்மை. ஒவ்வொரு பூவும் என் உள்ளங்கை அகலம் இருக்கும். அதற்குப் பக்கத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ரெஜினா சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரலால் அவளை மறைத்துக்கொண்டு பூவை மட்டும் பார்த்தேன். அழகாக இருக்கிறது என்று எழுதி அனுப்ப மனசு வரவில்லை. அனுப்பாமல் இருக்கவும் முடியவில்லை. எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தேன்.

மேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இலை இருக்கிறது, பூ இருக்கிறது, கண்ணாடிக் கூரை இருக்கிறது, அவள் சாப்பிட்ட கேக் இருக்கிறது, மேடு மட்டும் இல்லை. மேடு இல்லை என்பதைத்தான் பூவாலும் கேக்காலும் பூசி மெழுகுகிறாள் என்று முடிவு கட்டினேன். குழம்பைக் கொதிக்கவிட்டு மறுபடி போனை எடுத்தேன். என் வீட்டுக்காரர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் நின்றார்.

"பாக்காத மாதிரியே இன்னும் எத்தினி தபா பாப்ப, குழம்பு அடிப்புடிச்சிப் போச்சி."

ஊர் திரும்பியவள்

திரும்பி வந்த அன்று ரெஜினா எனக்கு ஒரு சாக்லேட் டப்பா கொடுத்தாள். நான் அதைத் திறக்கவில்லை. மேடா சுருக்கமா என்று நேராகக் கேட்டேன். அவள் பெருமூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உயிருள்ள இலையில் செதில் அடர்த்தியாக மூடியிருந்ததாம். லென்ஸ் வைத்தும், ஊசி வைத்துத் தள்ளியும், எவ்வளவு பார்த்தும் மேடு தெரியவில்லையாம். தான் நினைத்ததுதான் சரி, அது சுருக்கம்தான் என்று சாருக்குச் சொல்லிவிடலாம் எனக் கிளம்பியிருக்கிறாள். அப்போது செடிக்கடியில் ஒரு முதிர்ந்த இலை விழுந்து கிடந்திருக்கிறது. இன்னும் பச்சை, வாடக்கூட இல்லை, சுருங்க வழியே இல்லை. ஆனால் செதில் பாதி உதிர்ந்திருந்தது. எடுத்து விரலால் தடவிப் பார்த்தால் ரவை மாதிரி நெருடியதாம். உதிர்ந்த ஒவ்வொரு செதிலுக்கும் அடியில் ஒரு மேடு.

ஆகவே நான் சொன்னது சரி. எனக்கு எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. சாருக்குப் போய்ச் சொன்னேன். டீ கொண்டுவந்த அம்மாளுக்குச் சொன்னேன். பாதிதான் புரிந்தாலும் அவர் சிரித்தார். வாசல் காவலருக்கும் சொன்னேன். எல்லோருக்கும் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தால், ரெஜினா அந்தக் கட்டைப் பிரித்து மேஜையில் பரப்பிக்கொண்டு பசையும் கையுமாக இருந்தாள். எங்கள் தொழிலில் இதற்கும் ஒரு வழக்கம் இருப்பதை நான் மறந்துபோயிருந்தேன். முன்னால் சொன்னது சரி என்று ஒருவர் பார்த்து உறுதிசெய்தாலும் சீட்டு ஒட்ட வேண்டும். செடியின் பெயர் அதேதான், என் முடிவு அதேதான், கீழே உறுதிசெய்தவர் ரெஜினா. அந்தச் சீட்டும் என் சீட்டுக்கு மேலேதான் ஏறுகிறது. ஒவ்வொரு ஷீட்டிலும் நான் ஜெயித்திருக்கிறேன், ஒவ்வொரு ஷீட்டிலும் மேலே அவள் பெயர்.

என் கண்ணில் என்ன தெரிந்ததோ, அவள் பசைக் குச்சியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் முகம் சிவந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்குச் சிவந்தது.

"எதுக்குக்கா என்னை மொறைக்கறீங்க, செடி உசுரோட எதிர்ல நின்னும் எனக்குத் தெரியல, நீங்க இங்க உக்காந்துக்கினு காஞ்ச எலையிலயே கண்டுபுடிச்சிட்டீங்க, ஃப்ளைட்டுல வர்ற வழி பூரா எனக்கு வயிறு எரிஞ்சிக்கினே வந்துச்சி."

ஒரு மேஜையில் மட்டும் வயிறு எரிந்தால் அதற்குப் பெயர் பொறாமை, இரண்டு மேஜையிலும் எரிந்தால் அதைத்தான் எங்கள் துறையில் கூட்டு ஆராய்ச்சி என்கிறார்கள்.